கலப்புத் தொட்டியில் ஏஞ்சல் மீன் குஞ்சுகள்: பெற்றோரிடம் விடுவதா, பிரித்தெடுப்பதா?

காரிமங்கலம்வாசி | வெள்ளி, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். ஏஞ்சல் நான்கு, கறுப்பு விடோ டெட்ரா எட்டு, முத்துக் குராமி இரண்டு, சக்கர் மீன் ஒன்று என எல்லாம் அதில் ஒன்றாக வாழ்கின்றன. கடைக்காரர்கள் கம்யூனிட்டி டேங்க் என்று சொல்வார்களே, அதுதான்.

ஏஞ்சல்களில் இரண்டு புரட்டாசி மாதத்தில் இணை சேர்ந்தன. அதன்பின் இரண்டு முறை ஃபில்டர் குழாயின் மேல் முட்டையிட்டன. இரண்டு முறையும் விடிந்து பார்த்தபோது ஒரு முட்டைகூட மிச்சமில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டாம் முறை அழுதுகொண்டேதான் பள்ளிக்குப் போனாள். நேற்று மாலை மூன்றாம் முறையாக, இம்முறை அமேசான் ஸ்வார்ட் செடியின் அடுத்தடுத்த இரண்டு இலைகளில் இட்டிருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து இருநூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். ஓர் இரவு முழுவதும் கடந்தும் முட்டைகள் அப்படியே இருக்கின்றன. இருபது முப்பது மட்டும் வெள்ளையாகிவிட்டன. மற்றவை தேன் நிறத்தில், உள்ளே ஒளி ஊடுருவும்படி இருக்கின்றன.

எங்கள் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 900. தொட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் பாதிப் பாதியாகக் கலந்து ஊற்றுகிறேன். வெப்பம் 27 டிகிரி. இந்தக் குஞ்சுகளை இதே தொட்டியில் வளர்க்க வழி உண்டா? என்னிடம் இன்னொரு சிறிய தொட்டி இருக்கிறது, 40 லிட்டர் கொள்ளும், ஆனால் காலியாகக் கிடக்கிறது.

பர்கூர்_நீர் | வெள்ளி, இரவு 9.02

வணக்கம், தம்பி. மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இன்று இரவே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, சக்கர் மீனைப் பிடித்து ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு விட்டுவிடுங்கள். பகலில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும் அந்த மீன், விளக்கணைந்த பின்தான் மேய வரும். ஏஞ்சலுக்கு இருட்டில் கண் தெரியாது. சக்கர் இலையின் மேல் ஏறினால் விரட்ட முடியாமல் தவித்து, கடைசியில் தானே முட்டைகளைத் தின்றுவிடும். உங்கள் முதல் இரண்டு முறையும் முட்டைகள் இரவில்தான் காணாமல் போயின என்பதை வைத்துப் பார்க்கும்போது, குற்றவாளி பெற்றோர் அல்ல என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, கூடத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியட்டும். தொட்டிக்குள் வெளிச்சம் அடிக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு முட்டையும் பக்கத்தில் வருகிற மீனும் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

வெள்ளையானவை கருவுறாதவை அல்லது இறந்தவை. அவற்றை நீங்கள் தொடாதீர்கள். பெற்றோரே பொறுக்கித் தின்னும். அதைப் பார்த்து, முட்டையைத் தின்கிறதே என்று பதற வேண்டாம். பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் பரவாமல் அவை இப்படித்தான் காக்கின்றன. இருநூற்றைம்பதில் இருபது முப்பது மட்டுமே வெள்ளையாகியிருப்பதால் உங்களிடம் இருப்பது உண்மையான ஆண் பெண் இணை என்பதும் உறுதியாகிறது. இரண்டு பெண் ஏஞ்சல்கள் இணை போலவே நடந்து, மாறி மாறி முட்டையிடுவதும் உண்டு. அப்போது இரண்டாம் நாள் எல்லாமே பால் வெள்ளையாகிவிடும்.

27 டிகிரியில் 48 முதல் 60 மணி நேரத்துக்குள் முட்டை பொரியும். அதாவது நாளை மாலையிலிருந்து ஞாயிறு காலைக்குள். பொரிந்த உடனே குஞ்சு நீந்தாது. தலையில் உள்ள பசைச் சுரப்பியால் இலையோடு ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு தீரும் வரை, ஐந்தாறு நாள்களுக்கு, உணவு எதுவும் கொடுக்கக் கூடாது. அடுத்த வெள்ளி, சனியில்தான் நீந்தும். அதற்குள் தயாராக உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

ஓசூர்த்தொட்டி | வெள்ளி, இரவு 10.20

பர்கூர் அண்ணன் சொன்ன இரண்டையும் செய்யுங்கள். ஆனால் நேரடியாகவே சொல்கிறேன், எட்டு விடோ டெட்ரா உள்ள தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சாது. முட்டையைக் காப்பது வேறு, நீந்தும் குஞ்சைக் காப்பது வேறு. முட்டை ஓரிடத்தில் இருக்கும். பெற்றோர் அதைச் சுற்றி ஓரடிக்கு யாரையும் அண்டவிடாது. இருநூறு குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய நாளில் அவை ஒரு மேகம் போல விரியும். பெற்றோர் ஒரு பக்கம் விரட்டினால் டெட்ராக்கள் மறுபக்கமாக வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். இதை என் தொட்டியில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் பார்க்க மனம் வரவில்லை.

ஆகவே இலையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியைத் தொட்டிக்குள் முக்கி, இலையைத் தண்ணீருக்குள்ளேயே ஜாடிக்குள் வாங்கி, அப்படியே சிறிய தொட்டிக்குக் கொண்டு போங்கள். சிறிய தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிரப்பாமல் பெரிய தொட்டியின் தண்ணீராலேயே நிரப்ப வேண்டும். தாயும் தந்தையும் செவுள் துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்த வேலையை இனி ஏர் ஸ்டோன் செய்ய வேண்டும். குமிழிகள் முட்டையின் மேல் படாமல், பக்கவாட்டில் நீரோட்டம் மட்டும் போகும்படி இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். தண்ணீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்தை விடுங்கள். பெரிய தொட்டியில் அதை ஒரு துளியும் விட வேண்டாம், ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிடும்.

பண்ணைகளில் பல தலைமுறைகளாக முட்டையைப் பிரித்தே பொரிக்க வைத்ததால், குஞ்சு காக்கத் தெரியாத பெற்றோரின் வாரிசுகளும் தடையின்றிப் பெருகிவிட்டன. கடையில் வாங்கிய ஏஞ்சலிடம் தாய்மையை எதிர்பார்ப்பது அந்த மீனுக்கும் நமக்கும் கஷ்டம்.

பென்னாகரம்_ஆசிரியை | சனி, காலை 6.10

இந்தக் கடைசி வரியை நான் ஏற்க மாட்டேன். என்னிடம் உள்ள இணையும் கடையில் வாங்கியதுதான். நான்கு முறை முட்டைகளைத் தின்றது. ஐந்தாம் முறை பொரிக்க வைத்தது. ஆறாம் முறை இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகளை ஒரு ரூபாய் நாணய அளவு வரும் வரை கூடவே வைத்து வளர்த்தது. அவற்றுக்குத் தெரியாமல் இல்லை. பழகுவதற்கு நாம்தான் இடம் கொடுப்பதில்லை.

பொரிந்த அன்று நடப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குஞ்சு இலையிலிருந்து நழுவி, திருகு சுற்றிக்கொண்டே கீழே விழும். அது மணலைத் தொடுவதற்குள் தாய் தலைகீழாகப் பாய்ந்து வாயில் வாங்கிக்கொள்ளும். நீங்கள் விழுங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். தாய் ஓரிரு கணம் வாயை மென்மையாக அசைத்து, குஞ்சின் மேல் ஒட்டிய தூசியை அலசி, பிறகு இலைக்கு வந்து அதே கூட்டத்தின் நடுவில் துப்பி ஒட்டவைக்கும். மாலைக்குள் கூட்டம் முழுவதையும் ஒவ்வொரு வாயாகச் சுமந்து வேறு இலைக்கு மாற்றிவிடும். தந்தை அதுவரை காவல் நிற்கும். நம் கிருஷ்ணகிரி அணையில் பிடிபடும் ஜிலேபி மீனும் இதே சிக்லிட் குடும்பம்தான். அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் என்பதை மீன் சுத்தம் செய்யும் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். அந்தக் குடும்பத்தின் குணம் ஏஞ்சலை விட்டு அவ்வளவு எளிதில் போய்விடாது.

டெட்ராக்கள் தின்னும் என்பது உண்மை. அதற்கு வழி, குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதைக் காட்டிலும் மற்றவற்றை இவர்களிடமிருந்து பிரிப்பது. உங்கள் நான்கடித் தொட்டியைக் குறுக்கே இரண்டாகத் தடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கடையில் இரண்டு சட்டங்கள் வெட்டித் தருவார்கள். நடுவே பிளாஸ்டிக் கொசுவலையை இழுத்து, மீன்தொட்டிக்கு ஒட்டும் சிலிக்கானால் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் இறக்குங்கள். பெரிய கண் உள்ள வலை கூடாது, குஞ்சுகள் அதன் வழியே அந்தப் பக்கம் போய்விடும். செடியும் இணையும் ஒரு பாதியில், மற்றவை எல்லாம் மறுபாதியில்.

காரிமங்கலம்வாசி | சனி, காலை 7.45

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சக்கர் நேற்றே வாளிக்குப் போய்விட்டது. காலையில் முட்டைகள் அத்தனையும் இருக்கின்றன. தேன் நிறத்துக்குள் கறுப்புப் புள்ளி தெரியத் தொடங்கிவிட்டது.

ஓசூர் அண்ணன் சொல்வதும் டீச்சர் சொல்வதும் இரண்டுமே எனக்குச் சரியாகப் படுகின்றன. முட்டை இரண்டு இலைகளில் இருப்பதால் ஓர் இலையைச் சிறிய தொட்டிக்கு எடுத்துவிட்டு, மற்றதை வலைத்தடுப்புப் போட்டு இணையிடமே விடலாம் என்று என் மகள் சொன்னாள். அப்படிச் செய்தால் ஏதேனும் கெடுமா?

பர்கூர்_நீர் | சனி, காலை 8.05

உங்கள் மகள் சொன்னதைவிட நல்ல யோசனை எனக்கு இல்லை. கை தொட்டிக்குள் போகும்போது ஆண் மீன் கடிக்க வரும், விடுங்கள், காயம் ஆகாது. கை நுழைவதற்கு முன் சோப்பு, எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள். வெட்டும்போது மீதி உள்ள இலை அதிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்தபின் அரை நாளாவது தொட்டிப் பக்கம் யாரும் போக வேண்டாம். பயந்துபோன இணை மிச்சத்தைத் தின்றுவிடுவது உண்டு.

தருமபுரி_வேதியியல் | சனி, மாலை 5.30

தண்ணீரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் குஞ்சு வளர்ப்பில் பாதித் தோல்வி தண்ணீரால் வருகிறது என்பது என் அனுபவம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஏஞ்சல் அமேசான் ஆற்றுப் படுகையின் மீன். அங்கே தண்ணீர் மிக மென்மையானது, சற்றே அமிலத்தன்மை உடையது. நம் ஊர் நிலத்தடி நீர் அதற்கு நேர் எதிர்: சுண்ணாம்பு மிகுந்த கடின நீர், அதோடு ஃபுளோரைடும் அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்த ஏஞ்சல் நம் தண்ணீரில் வாழப் பழகிவிட்டது, முட்டையும் இடுகிறது; ஆனால் தண்ணீர் கடினமாக ஆக, கருவுறும் முட்டையும் பொரியும் முட்டையும் குறைகின்றன. காரிமங்கலம் நண்பர் ஒகேனக்கல் தண்ணீரைப் பாதி கலந்ததுதான் அவருக்கு இத்தனை முட்டைகள் தங்கியதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஒகேனக்கல் தண்ணீர் இல்லாதவர்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். போர்வெல் ஒரு பங்கு 900, ஆர்.ஓ. இரண்டு பங்கு 50 என்றால் கலவை 330 அளவுக்கு வரும், அது போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் விடாதீர்கள். அதில் காரத்தன்மையைத் தாங்கும் உப்புகள் இல்லாததால் பி.எச். (அமில, கார அளவு) திடீரென்று சரிந்துவிடும். ஒகேனக்கல் தண்ணீரைக் குளோரின் கலந்தே விடுகிறார்கள். ஏர் பம்ப் ஓடும் வாளியில் ஒரு நாள் முழுவதும் வைத்துவிட்டுத்தான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ என்னும் குளோரின் நீக்கியைப் போடலாம்.

அடுத்தது அம்மோனியா. குஞ்சுகளுக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை உணவு போடும்போது தொட்டியில் அம்மோனியா ஏறும். அது தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்; ஒன்று மீனை அதிகம் பாதிக்காதது, மற்றது நஞ்சு. 28 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவம் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஆறேழு பங்காகிவிடும். அதாவது அதே அளவு கழிவு, மென்னீரில் செய்வதைப் போல ஒன்பது பத்து மடங்கு தீங்கை நம் தண்ணீரில் செய்யும். எங்கோ மென்னீர் உள்ள ஊரில் எழுதியவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும் என்று சொல்வதை நம்பி நாம் அப்படியே செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். குஞ்சுத் தொட்டியில் தினமும் நூற்றுக்கு முப்பது பங்கு மாற்றுங்கள், அதே வெப்பத்தில், அதே டி.டி.எஸ். அளவில்.

இன்னும் ஒன்று. சிறிய தொட்டிக்குப் புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிப் போட்டால் அதில் நல்ல பாக்டீரியா வளரும் வரை, முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு, அது வெறும் பஞ்சுதான். பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துப் போடுங்கள். அதையும் மெத்திலீன் ப்ளூவை முழுவதும் நீக்கிய பிறகு.

காரிமங்கலம்வாசி | ஞாயிறு, காலை 9.30

பொரிந்துவிட்டன. இரண்டு இடத்திலும்.

சிறிய தொட்டியில் இலை முழுவதும் நுண்ணிய வால்கள் துடிக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இலையே நடுங்குவதுபோல் இருக்கிறது. பெரிய தொட்டியில் டீச்சர் எழுதியதை அப்படியே கண்ணால் கண்டேன். விழுந்த குஞ்சைத் தாய் வாயில் வாங்கி மீண்டும் இலையில் வைத்தபோது என் மகள் கத்தியே விட்டாள், பிறகு மீன் பயந்துவிடும் என்று தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேற்று இரவே வலைத்தடுப்பை இறக்கிவிட்டேன். இனி உணவு. என்ன வாங்க வேண்டும்?

பாலக்கோடு_மீன் | ஞாயிறு, முற்பகல் 11.00

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிச் சில சொட்டுகள் விட்டால் போதும். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் எல்லாக் குஞ்சுக்கும் அதைத்தான் கொடுக்கிறோம்.

ஓசூர்த்தொட்டி | ஞாயிறு, பிற்பகல் 12.40

பாலக்கோடு நண்பரே, சிமெண்ட் தொட்டியில், பச்சைத் தண்ணீரில் வளரும் தங்கமீன் குஞ்சுக்கு அது சரிப்பட்டிருக்கும். 40 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் மஞ்சள் கரு மறுநாளே அழுகும். மேலே வேதியியல் நண்பர் எழுதிய அம்மோனியாக் கணக்கு அங்கேயே தொடங்கிவிடும். அதைவிட முக்கியமானது, ஏஞ்சல் குஞ்சு அசைவதைத்தான் இரை என்று அறியும். மிதக்கிற துகள் அதன் வாய்க்கு முன்னால் இருந்தாலும் கண்டுகொள்ளாது.

ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் நுண்ணிய இறால் வகை, அதன் முட்டையை வாங்கி நாமே பொரிக்க வேண்டும்) தவிர வேறு எதையும் முதல் இரண்டு வாரம் நம்ப வேண்டாம். ஏஞ்சல் குஞ்சு நீந்தும் நாளிலேயே அன்று பொரித்த ஆர்ட்டீமியாவை விழுங்கும் அளவு வாய் உள்ளது என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அதைப் பொரிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, ஏர் குழாய் அதன் கழுத்து வரை இறங்கும்படி விட வேண்டும், முட்டைகள் எங்கும் தங்காமல் சுழல வேண்டும். அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை போதும். 27, 28 டிகிரியில், விளக்கொளியில், 24 முதல் 30 மணி நேரத்தில் தண்ணீர் செங்காவி நிறமாகும். இதற்குக் காரத்தன்மையுள்ள தண்ணீரே வேண்டும் என்பதால், ஏஞ்சல் முட்டைக்கு ஆகாத நம் போர்வெல் தண்ணீர் இங்கே நன்றாகக் கை கொடுக்கும். மென்னீர் ஊர்களில் சமையல் சோடா சேர்த்துச் சரி செய்துகொள்கிறார்கள். நமக்கு அந்த வேலை இல்லை.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாதவை அடியில் தங்கும், உயிருள்ளவை வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அந்தக் கூட்டத்தை மட்டும் சிறு குழாயால் இழுத்து, கைக்குட்டைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு குஞ்சின் வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக அதன் சத்தெல்லாம் தீர்ந்துபோகும்.

காரிமங்கலம்வாசி | புதன், இரவு 9.50

கவலையோடு எழுதுகிறேன். பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிய ஆர்ட்டீமியா 36 மணி நேரம் ஆகியும் பொரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எல்லாம் பழுப்பு உருண்டையாகவே இருக்கின்றன. உறையின் மேல் தேதியே இல்லை. கடைக்காரர் சிறு பொட்டலமாகப் பிரித்து விற்றது. கேட்டால் தண்ணீர் சரியில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை குஞ்சு நீந்தத் தொடங்கினால் என்ன கொடுப்பேன்?

ஓசூர்த்தொட்டி | புதன், இரவு 10.05

தண்ணீரில் குறை இல்லை. ஆர்ட்டீமியா முட்டை காற்றும் ஈரமும் பட்டால் சில வாரங்களிலேயே செத்துவிடும். பிரித்த டின்னைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்காத கடையில் யார் வாங்கினாலும் இதே கதைதான். நான் போன மாதம் சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வாங்கி வந்தது என்னிடம் இருக்கிறது. நாளை காலை ஓசூரிலிருந்து தருமபுரிக்கு வருகிறேன், காரிமங்கலம் பிரிவுச் சாலையில் எட்டு மணிக்கு நில்லுங்கள். பணம் எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உடனே பொரிக்கப் போடுங்கள், வெள்ளி மதியத்துக்குக் கிடைத்துவிடும். ஒன்றுக்கு இரண்டு பாட்டில் வைத்து, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மாற்றி மாற்றிப் போட்டால் காலை மாலை இரு வேளையும் புதியது கிடைக்கும்.

காரிமங்கலம்வாசி | சனி, இரவு 8.30

நேற்று மாலை நீந்தத் தொடங்கின. இன்று காலை முதல் உணவு கொடுத்தோம். மகள் பக்கவாட்டில் டார்ச் அடித்தாள். கண்ணாடி இழை போன்ற குஞ்சு, அதன் தலையில் இரண்டு கண்கள், அவ்வளவுதான் உடம்பு. ஆர்ட்டீமியாவைக் கண்டதும் உடலை எஸ் வடிவில் வளைத்து ஒரு கணம் நின்று, சட்டென்று பாய்ந்தது. ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் கடுகளவு ஆரஞ்சுப் பொட்டு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஓசூர் அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை.

சிறிய தொட்டியில் எண்பதுக்கு மேல் இருக்கும். பெரிய தொட்டியில் பெற்றோரோடு அறுபது எழுபது.

பென்னாகரம்_ஆசிரியை | ஞாயிறு, காலை 6.25

பெரிய தொட்டியில் உணவு கொடுக்கும்போது ஏர் பம்பைச் சிறிது குறைத்து, நீண்ட குழாயால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவிலேயே விடுங்கள். அங்கே இடம் அதிகம். இரை பரவிப்போனால் குஞ்சு தேடி அலைந்து இளைத்துவிடும். மாலையில் விளக்கை ஒரே அடியாக அணைக்காதீர்கள். முதலில் தொட்டி விளக்கு, அரை மணி நேரம் கழித்துக் கூடத்து விளக்கு, பிறகு ஜீரோ வாட். அந்த அரை மணியில் பெற்றோர் குஞ்சுகளை எல்லாம் கூட்டி ஓர் இலைக்குக் கீழே சேர்த்துவிடும்.

காரிமங்கலம்வாசி | அடுத்த வியாழன், காலை 6.00

நேற்று இரவு பன்னிரண்டு மணிக்குப் போன மின்சாரம் நான்கரைக்குத்தான் வந்தது. சிறிய தொட்டிக்குப் பேட்டரி ஏர் பம்ப் இருந்ததால் தப்பித்தது. பெரிய தொட்டியில் ஜீரோ வாட் பல்பும் அணைந்துவிட்டது. இருட்டில் பெற்றோர் பயந்து மோதியிருக்க வேண்டும். தடுப்பின் ஒரு முனை விலகி, விரல் நுழையும் இடைவெளி உண்டாகியிருக்கிறது. விடியும்போது இந்தப் பக்கம் மூன்று டெட்ராக்கள். குஞ்சு எண்ணினால் பதினொன்று. தந்தை ஏஞ்சலின் வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. அது கடைசிவரை நின்று போராடியிருக்கிறது. தடுப்பின் முனையில் சிலிக்கான் போடாமல் கல்லை மட்டும் முட்டுக்கொடுத்து வைத்தது என் தவறு.

பர்கூர்_நீர் | வியாழன், காலை 6.40

மனம் தளர வேண்டாம், தம்பி. பதினொன்று இருப்பதே அந்த இணை எப்படிக் காத்தது என்பதற்குச் சான்று. தடுப்பை இன்றே சரி செய்துவிட்டு டெட்ராக்களை மறுபக்கம் மாற்றுங்கள். கிழிந்த துடுப்பு சுத்தமான தண்ணீரில் தானாக வளர்ந்துவிடும், மருந்து வேண்டாம். மார்கழி இரவில் மின்சாரம் போனால் குளிர்தான் அடுத்த எதிரி. கண்ணாடியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டை ஒட்டிவிட்டால் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும்.

காரிமங்கலம்வாசி | ஆறு வாரம் கழித்து

நீண்ட நாள்களாக எழுதவில்லை. தினமும் இரு வேளை ஆர்ட்டீமியாவும் தண்ணீர் மாற்றுவதுமாகவே போய்விட்டது. நான்காம் வாரத்தில் மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் நீண்டு ஏஞ்சல் உருவம் வந்தது. இப்போது பொடித்த உலர் உணவையும் எடுக்கின்றன. சிறிய தொட்டியில் 63. பெரிய தொட்டியில் பெற்றோரோடு 9.

ஒன்று கேட்க வேண்டும். பெரிய தொட்டியின் ஒன்பதுக்கும் வயிற்றுத் துடுப்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது, உடலும் பெரியது. சிறிய தொட்டியில் ஆறு குஞ்சுகளுக்கு வயிற்றுத் துடுப்பு வளைந்தோ குட்டையாகவோ இருக்கிறது. பெற்றோர் வளர்த்ததால் வந்த வேறுபாடா?

பர்கூர்_நீர் | அன்றே, இரவு

டீச்சர் வருத்தப்படக் கூடாது, இது பெற்றோரால் வந்ததென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் ஒன்பது குஞ்சுக்கு 120 லிட்டர். மறுபக்கம் அறுபத்து மூன்றுக்கு 40 லிட்டர். வயிற்றுத் துடுப்பு வளர்வதற்கு முன் தண்ணீர் கெட்டாலோ கூட்டம் நெருக்கினாலோ அது வளைந்துபோகும். மூன்றாம் வாரத்திலேயே பாதியை வேறு தொட்டிக்கு மாற்றியிருக்க வேண்டும். அதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டது எங்கள் குறை. அந்த ஆறும் நலமாக வாழும். ஆனால் அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

பென்னாகரம்_ஆசிரியை | மறுநாள், காலை

வருத்தம் இல்லை, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பெற்றோரிடம் விட்டதால்தான் அந்த ஒன்பதுக்கும் அவ்வளவு இடம் கிடைத்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காரிமங்கலம் தம்பி, துடுப்பு வளைந்த அந்த ஆறையும் எனக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளி ஆய்வகத் தொட்டி காலியாக இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கட்டும். என் தண்ணீர் டி.டி.எஸ். 280.

காரிமங்கலம்வாசி | மறுநாள், மாலை

மகிழ்ச்சியோடு தருகிறேன், டீச்சர். என் தொட்டியில் இப்போது 410 இருக்கிறது. இன்றிலிருந்து தினமும் சிறிது சிறிதாக ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் 300 அளவுக்குக் கொண்டு வந்துவிடுகிறேன். சனிக்கிழமை முழுவதும் அந்த ஆறுக்கு உணவு கொடுக்க மாட்டேன், பையில் கழிவு சேராமல் இருக்கும். இரட்டைப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதிக் காற்றுமாகக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பத்து மணிக்குத் தருமபுரி பேருந்து நிலையத்துக்குக் கொண்டு வருகிறேன். மகளும் வருகிறாள், ஆறில் எது எது எந்தப் பக்கம் வளைந்தது என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறாள், அதையும் உங்கள் பிள்ளைகளிடம் தர வேண்டுமாம்.